வாசகர் கேள்வி–பதில்: சிகரங்கள் ஏன் மழுங்குகின்றன?

கேள்வி: ஈ.கோலை பற்றீரியாவின் மேற்பரப்புப் பல்சக்கரைட்டை (சர்க்கரைச் சங்கிலியை) சூடான பீனோல்–நீர் முறையில் பிரித்தேன். என்.எம்.ஆர். (அணுக்காந்தப் பரிவு) சிகரங்கள் அகன்று மங்கிக் கிடக்கின்றன. கருவியின் கோளாறா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: கருவியைத் திட்டாதீர்கள். சங்கிலியின் நுனியில் லிப்பிட் ஏ என்ற கொழுப்புப் பகுதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். அது மூலக்கூறுகளை நீரில் திரளவைக்கும். திரள் மெதுவாகச் சுழல, சிகரம் அகலும். 1 வீத அசற்றிக் அமிலத்தில் 100 பாகை செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். லிப்பிட் வெள்ளை வீழ்படிவாக இறங்கும். மையநீக்கம் செய்து, மேல்திரவத்தைச் செபடெக்ஸ் ஜி-50 (மூலக்கூறுகளை அளவுப்படி பிரிக்கும் ஜெல்) நிரலில் ஓட்டுங்கள். ஓ111 போன்ற ஈ.கோலை வகையென்றால் கவனம்: அதன் கொலிட்டோஸ் என்ற சர்க்கரை அமிலத்தில் சட்டென்று கழன்றுவிடும்.

பிறகு கனநீரில் கரைத்து உறைஉலர்த்துவதை இருமுறை செய்யுங்கள். அனோமெரிக் புரோத்தன்கள் (சர்க்கரையின் முதல் காபனிலுள்ள ஐதரசன்கள்) என்.எம்.ஆர். அளவுகோலில் 4.4–5.5 பிபிஎம்மில் தெரியும். எத்தனை சிகரமோ, மீள்அலகில் (சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் துண்டில்) பெரும்பாலும் அத்தனை சர்க்கரை. ஆனால் 4.8 அருகே எஞ்சிய நீரின் சிகரம் ஒன்றை விழுங்கியிருக்கலாம். வெப்பநிலையை உயர்த்தினால் நீர்ச்சிகரம் நகர்ந்து வழிவிடும்.

குளுக்கோஸில் பிணைப்பு மாறிலி (சிகரம் பிளக்கும் இடைவெளி) 8 ஹேர்ட்ஸ் என்றால் பீற்றா, 3–4 என்றால் அல்பா (முதல் காபனிலுள்ள பிணைப்பின் இரு திசைகள் இவை). மனோஸில் இந்தக் கணக்கு செல்லாது, இரண்டுமே சிறியவை. அங்கே காபன்–ஐதரசன் மாறிலியைப் பாருங்கள்: 170 அருகே அல்பா, 160 அருகே பீற்றா. டி-யா எல்-லா (சர்க்கரையின் இரு கண்ணாடிப் பிம்ப வடிவங்களில் எது) என்பதைச் சாதாரண என்.எம்.ஆர். சொல்லாது, கைரல் (ஒரே பிம்ப வடிவமுள்ள) பியூற்றனோலுடன் வாயு நிறப்பகுப்பு வேண்டும்.