காற்றுக்கு அல்ல, வெள்ளத்துக்குப் பயப்படுங்கள்

கேள்வி: பரங்கிப்பேட்டை அருகே வெள்ளாற்று முகத்துவாரத்தில் சவுக்குக் கழியால் பந்தல் போட்டு, சரம் சரமாக உண்ணும் சிப்பி வளர்க்கிறோம். ஐந்து மாதம் ஆகிறது. புயல் சின்னம் என்றாலே தூக்கம் வருவதில்லை. எல்லாச் சரங்களையும் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்துவிடலாமா?

பதில்: வேண்டாம். நிழலில் ஈரச் சாக்கு மூடி வைத்தால் சிப்பி ஒரு நாள் தாங்கும். புயலும் ஒரு நாளில் கடந்துவிடும். ஆனால் அதன் பின்னால் ஆற்றில் வருகிற வெள்ளம் ஒரு வாரம் கூட நிற்கலாம். அதுவரை சாக்குக்குள் எப்படி வைத்திருப்பீர்கள்?

காற்று பந்தலைத்தான் சாய்க்கும். சிப்பியைக் கொல்வது நன்னீரும் வண்டலும். கடல் நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. அது 10 பங்குக்குக் கீழே இறங்கினால் சிப்பி ஓட்டை இறுக மூடிக்கொள்ளும். தின்னாது, மூச்சும் சரியாக விடாது. சில நாள் பொறுக்கும். அதற்கு மேல் நீடித்தால் கொத்துக் கொத்தாகச் சாகும். அதனால் வானொலியில் காற்றின் வேகத்தைக் கேட்பதோடு நிற்காமல், வெள்ளாற்றில் மேலே உள்ள சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்றும் விசாரித்துக்கொண்டே இருங்கள்.

நன்னீர் மேலே மிதக்கும், உப்பு நீர் அடியில் தங்கும். ஆகவே சரத்தின் கயிற்றை நீட்டி, தரையிலிருந்து ஒரு முழம் விட்டு, முடிந்தவரை கீழே இறக்கிக் கட்டுங்கள். அலையடியும் குறையும். சேற்றில் மட்டும் படவே கூடாது. பட்டால் மூச்சுமுட்டிச் சாகும். பெருவெள்ளத்தில் அடி நீரும் கலங்கி நன்னீராகிவிடும், அப்போது இந்த வழி உதவாது. ஆற்று வாயில் பந்தல் போட்டவர்களுக்கு உள்ள ஆபத்து அது. வசதி இருந்தால் அடுத்த ஆண்டு பந்தலில் பாதியைக் கடலுப்பு கூடுதலாக உள்ள பக்கம் மாற்றுங்கள்.

ஆடும் கழிகளை இப்போதே ஆழமாக அடித்து, குறுக்குக் கழி கொடுங்கள். நைந்த நைலான் கயிற்றை மாற்றுங்கள். ஒரே கயிற்றில் பத்துச் சரம் தொங்கவிடுவது சிக்கனம்தான், அறுந்தால் பத்தும் போகும். விற்பனை அளவுக்கு வந்தவற்றை அக்டோபருக்குள் எடுத்துவிடுங்கள். 48 மணி நேரத்துக்கு முன்னால் வரும் எச்சரிக்கையோடு வேலையை முடித்துக் கரையேற வேண்டும். அதற்குப் பிறகு, ஒரு சரம் அவிழ்ந்து தொங்குகிறதே என்று யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது.

வெள்ளம் வடிந்ததும் சரங்களை மேலே தூக்கி வண்டலை அலசுங்கள். வாய் பிளந்த சிப்பியை விரலால் தட்டிப் பாருங்கள். மூடினால் உயிர் இருக்கிறது. மூடாததை அன்றே அகற்றுங்கள், அழுகல் பக்கத்துச் சிப்பிக்கும் பரவும். உயிரோடு இருப்பதையும் உடனே விற்க வேண்டாம். சாக்கடையோடு வந்த வெள்ளத்தை அது வடிகட்டிக் குடித்திருக்கிறது. தண்ணீரைச் சோதித்துப் பார்த்த பிறகே சந்தைக்கு அனுப்புங்கள். செத்தவற்றின் ஓட்டை எறியாமல் கழுவி வெயிலில் காயவையுங்கள். அடுத்த பருவத்தில் குஞ்சு ஒட்டுவதற்கு அதையே சரமாகக் கோக்கலாம்.