மாமியாரோடும் மகனோடும் ஹாங்காங்: ஐந்து இரவுகளை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: மே மாதப் பள்ளி விடுமுறையில் நான், கணவர், ஒன்பது வயது மகன், 66 வயது மாமியார் நால்வரும் ஹாங்காங் போக நினைக்கிறோம். யாரும் இதுவரை வெளிநாடு போனதில்லை. மாமியாருக்கு மூட்டுவலி. எல்லோரும் சைவம். ஒரு டிராவல்ஸில் ஐந்து இரவுக்கு 'ஹாங்காங், மக்காவ், டிஸ்னிலேண்ட்' பேக்கேஜ் சொல்கிறார்கள். அதை எடுக்கலாமா, நாங்களே பார்த்துக்கொள்ள முடியுமா? எங்கே தங்குவது?
மதுரை வாசகி

பதில்: நீங்களே பார்த்துக்கொள்ளலாம். முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு எல்லா ஊரையும் பற்றி இப்படிச் சொல்லமாட்டேன். ஹாங்காங்கில் தெருப் பலகை, ரயில் அறிவிப்பு, பேருந்துத் திரை எல்லாமே ஆங்கிலத்திலும் இருக்கும். இரவில் குடும்பத்தோடு நடக்கப் பயமில்லை. அந்த பேக்கேஜில் எனக்கு உடன்பாடில்லாதது மக்காவ்தான். ஐந்து இரவு என்றால் கையில் நிற்பது நான்கு முழு நாள். மக்காவுக்குப் படகு ஒரு மணி நேரம்தான் என்பார்கள். ஆனால் ஹாங்காங்கை விட்டு வெளியேற ஒரு குடிவரவு வரிசை, மக்காவில் நுழைய ஒன்று, திரும்பும்போது மறுபடி இரண்டு. மூட்டுவலிக்காரரை ஒரே நாளில் நான்கு வரிசையில் நிற்கவைத்து, சூதாட்ட விடுதிகளின் முகப்பைக் காட்டிக் கூட்டிவருவதில் என்ன இருக்கிறது? மக்காவின் பழைய போர்த்துகீசியத் தெருக்கள் அழகானவைதான். அவற்றுக்கு ஓர் இரவாவது தங்கவேண்டும். இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள்.

விமான டிக்கெட் போடுவதற்கு முன் முடிக்கவேண்டிய வேலை ஒன்று உண்டு. இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் விசா இல்லாமல் 14 நாள் வரை தங்கலாம், ஆனால் 2017 முதல் இணையத்தில் முன்பதிவு கட்டாயம். 'ப்ரீ அரைவல் ரெஜிஸ்ட்ரேஷன்' என்று பெயர். கட்டணம் கிடையாது. 'கவ் டாட் எச்கே' என்று முடியும் ஹாங்காங் அரசுத் தளத்தில் மட்டும் செய்யுங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பவற்றில் பணம் கேட்கும் ஏஜென்ட் தளங்களும் இருக்கும். மகனுக்கும் மாமியாருக்கும் தனித்தனியாகப் பதியவேண்டும். நம் ஊர் பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது இனிஷியல் விரிந்து அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். எப்படி அச்சாகியிருக்கிறதோ, ஓர் எழுத்துகூட மாறாமல் அப்படியே நிரப்புங்கள். முடிவு பெரும்பாலும் அப்போதே திரையில் வந்துவிடும். அந்தச் சீட்டை அச்சிட்டு வையுங்கள். ஆறு மாதத்துக்குச் செல்லும். நால்வரில் ஒருவருக்குக் கிடைக்காவிட்டாலும் அவர் முறையாக விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் டிக்கெட்டுக்கு முன் இது என்கிறேன். (இலங்கை பாஸ்போர்ட் என்றால் விசா முன்னதாகவே வேண்டும். மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு இந்த வேலையெல்லாம் இல்லை.) குடிவரவு அதிகாரி பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தமாட்டார், சின்னத் துண்டுச் சீட்டு ஒன்றைத் தருவார். எத்தனை நாள் தங்கலாம் என்பது அதில்தான் இருக்கும். குப்பை என்று நினைத்துப் போட்டுவிடாமல் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வையுங்கள்.

மே மாதம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஹாங்காங்குக்கு நல்ல காலம் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை. மே மாதத்தில் புழுக்கம், திடீர் பெருமழை. ஆனால் பள்ளி விடுமுறை நம் கையில் இல்லையே. மே 1 முதல் ஐந்தாறு நாளைத் தவிருங்கள், சீனப் பெருநிலத்தில் அப்போது தொழிலாளர் தின விடுமுறை, எல்லைக்கு அந்தப்பக்கமிருந்து கூட்டம் திரண்டு வரும். புத்தர் பிறந்தநாளும் பெரும்பாலும் மே மாதத்தில் வரும், அன்று பெரிய புத்தர் சிலைப் பக்கம் போகவேண்டாம். காலாண்டு விடுமுறையில் போகலாமா என்று யோசித்தால், அக்டோபர் முதல் வாரத்திலும் இதே கூட்டக் கதைதான், புயல் பயமும் சேரும். ஹாங்காங் வானிலை ஆய்வகத்தின் செயலியை போனில் போட்டுக்கொள்ளுங்கள். மிகக் கனத்த மழைக்கான 'கறுப்பு' எச்சரிக்கை வந்தால் இருக்கும் கட்டடத்துக்குள்ளேயே இருங்கள். புயல் சின்னம் எட்டாம் எண் ஏறினால் படகு நிற்கும், கடைகளும் பெரும்பாலும் மூடிவிடும்.

இனி ஊரைப் பிரிப்பது. நடுவில் துறைமுகம். வடகரையில் கவுலூன், தென்கரையில் ஹாங்காங் தீவு. மேற்கே தள்ளி லான்டாவ் தீவு, அங்கேதான் விமான நிலையம், டிஸ்னிலேண்ட், பெரிய புத்தர் மூன்றும். முதல் தடவை போகிறவர்கள் புகழ் வரிசைப்படி திட்டம் போட்டு, காலையில் மலையுச்சி, மதியம் புத்தர், இரவு டெம்பிள் ஸ்ட்ரீட் சந்தை என்று மூன்று கரையையும் ஒரே நாளில் சுற்றுவார்கள். பாதி நாள் சுரங்க ரயிலில் போய்விடும். ரயில் வேகமானதுதான். ஆனால் நிலையத்துக்குள்ளேயே நடக்கும் தூரம் அதிகம், அதுதான் மூட்டைப் பதம் பார்க்கும். ஆகவே ஒரு நாளுக்கு ஒரு கரை. நீரைத் தாண்டுவது ஒருமுறை போக, ஒருமுறை வர, அவ்வளவுதான்.

தங்க வடகரையில் சிம் ஷா சுய் அல்லது அதை ஒட்டிய ஜோர்டன். காரணம் சாப்பாடு, பிறகு படகுத்துறை. இட்லி தோசை கிடைக்கும் தென்னிந்திய சைவ உணவகங்கள் சிம் ஷா சுய் பக்கத்தில் உண்டு. நாதன் ரோட்டில் இருக்கும் சுங்கிங் மேன்ஷன்ஸ் கட்டடத்தில் இந்திய, பாகிஸ்தானிய உணவுக்கடைகள் நிறைய. அங்கே பணம் மாற்றினால் வாசலில் உள்ள கடையோடு நின்றுவிடாமல் உள்ளே இரண்டு மூன்று இடங்களில் விகிதம் கேளுங்கள். மேல்மாடி விடுதிகள் விலை குறைவு, ஆனால் குடும்பத்தோடு தங்க நான் சொல்லமாட்டேன். லிப்ட் வரிசையே போதும். பொதுவாகவே ஹாங்காங்கில் அறை என்றால் கட்டிலைச் சுற்றிப் பெட்டியை விரிக்க இடம் இருக்காது. நால்வருக்கு ஒரே அறை என்று யாராவது சொன்னால் எத்தனை சதுர அடி என்று கேளுங்கள். இரண்டு அறைக்குப் பணம் ஒதுக்கிவிடுவது நல்லது. ஓட்டலிடம் முன்கூட்டியே கேட்கவேண்டிய இன்னொன்று, லிப்ட் உள்ள ரயில் நிலைய வாசல் எது என்பது. வாசல்களுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கும். தப்பான வாசலில் ஏறினால் படிக்கட்டு.

சீனக் கடைகளில் காய்கறி என்று கேட்டு வாங்கினாலும் அதில் சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள், அல்லது உலர்ந்த இறால் தூவியிருக்கும். 'இறைச்சி, மீன், சிப்பிச் சாறு, முட்டை வேண்டாம்' என்று ஓட்டல் வரவேற்பில் சீனத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பௌத்த சைவக் கடைகளில் இந்தக் கவலை குறைவு. அறையில் கெட்டில் இருக்கும், வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உப்புமா பாக்கெட் சிலவற்றைக் கொண்டுபோனால் காலை நேரம் மிச்சம்.

விமான நிலையத்திலேயே ஆளுக்கொரு ஆக்டபஸ் அட்டை வாங்குங்கள். ரயில், பேருந்து, டிராம், படகு, மளிகைக்கடை எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. மகனுக்குச் சிறுவர் அட்டை கேளுங்கள், 3 முதல் 11 வயது வரை ரயிலில் பாதிக் கட்டணம்தான். ஊருக்குள் வர ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் ரயில் வேகம், ஆனால் நால்வருக்கு விலை கூடும், இறங்கியபின் இன்னொரு வண்டி பிடிக்கவேண்டும். 'ஏ21' மாடிப் பேருந்து நாதன் ரோடு வழியாகவே போகும். பெட்டிகளைக் கீழ்த்தட்டு அடுக்கில் வைத்துவிட்டு மேலே போனால், அந்த அடுக்கைக் காட்டும் கேமராத் திரை உங்கள் முன்னாலேயே இருக்கும். மகனுக்கு அதுவே பொழுதுபோக்கு. மாமியார் களைத்திருந்தால் சிவப்பு டாக்சி பிடியுங்கள். கவுலூனுக்கு 300 ஹாங்காங் டாலரை ஒட்டி ஆகும். ஒரு டாலர் சுமார் 11 ரூபாய்.

இரவு விமானத்தில் வந்து இறங்கும் நாளில் எதுவும் வைக்காதீர்கள். மாலையில் சிம் ஷா சுய் கரைக்கு நடந்து போங்கள். மணிக்கூண்டு, எதிர்க்கரை விளக்குகள், உட்கார இடம், எல்லாம் இலவசம். எட்டு மணி ஒளிக்காட்சியைப் பற்றி ரொம்பச் சொல்வார்கள், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். அதைவிட எனக்குப் பிடித்தது ஸ்டார் ஃபெரி. 1888 முதல் ஓடுகிறது, தொடங்கியவர் நம் நாட்டிலிருந்து போன ஒரு பார்சிக்காரர். தென்கரையில் உள்ள சென்ட்ரலுக்குப் பத்து நிமிடம், கட்டணம் பத்து டாலருக்குள். படகு திரும்பாமலேயே இரு பக்கமும் ஓடும் என்பதால் மரப் பெஞ்சின் சாய்மானத்தை முன்னும் பின்னும் தள்ளலாம். ஏறியதும் எல்லோரும் டக் டக்கென்று தள்ளிவிட்டுப் போகும் திசை பார்த்து உட்காருவார்கள்.

தென்கரை நாளைப் படகில் தொடங்குங்கள். மலையுச்சிக்கு 'பீக் டிராம்' பெயர் பெற்றது, வரிசையும் பெயர் பெற்றது. சென்ட்ரலிலிருந்து 15ஆம் எண் பேருந்து உட்கார்ந்தபடியே மேலே கொண்டுவிடும். காசு கொடுத்து ஏறும் மேடை வேண்டாம். எதிரே உள்ள பீக் கேலரியாவின் மாடி இலவசம். பக்கத்தில் லுகார்ட் ரோடு, மேடுபள்ளம் அதிகமில்லாத நடைபாதை, மாமியார் முடிந்த தூரம் வந்து திரும்பலாம், நகரம் முழுக்கக் காலடியில் தெரியும். மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது. அதற்கு ஒரு வழி உண்டு: காலையில் சிம் ஷா சுய் கரையிலிருந்து எதிரே ஐஎஃப்சி கோபுரத்தைப் பாருங்கள். அதன் உயரம் 412 மீட்டர், மலை மேல் டிராம் போய் நிற்கும் இடமும் ஏறக்குறைய அதே உயரம்தான். கோபுரத்தின் தலை மேகத்துக்குள் இருந்தால் அன்றைக்கு மலை வேண்டாம். 1904 முதல் ஓடும் மாடி டிராமில் தீவின் தெருக்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். பின்னால் ஏறி, முன்னால் இறங்கும்போது அட்டையைத் தட்டவேண்டும்.

லான்டாவுக்கு இரண்டு நாள். டிஸ்னிலேண்ட் தனியாக ஒரு நாள் முழுக்க. மூத்தோருக்கு மலிவு டிக்கெட் தனியாக உண்டு, அவசரப்பட்டுப் பெரியவர் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். பெரிய புத்தருக்கு துங் சுங்கிலிருந்து 5.7 கிலோமீட்டர் கேபிள் கார், 25 நிமிடம். பராமரிப்புக்காகச் சில நாள் நிறுத்துவார்கள், காற்று பலத்தாலும் நிற்கும். தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். ஓடாவிட்டால் 23ஆம் எண் பேருந்து இருக்கிறது. சிலைக்கு 268 படி. மகனும் நீங்களும் ஏறுங்கள், மாமியார் எதிரே போ லின் மடத்து முற்றத்தில் இருந்தபடியே 34 மீட்டர் சிலையைப் பார்க்கலாம். மடத்திலேயே சைவச் சாப்பாடு உண்டு. இந்தப் பயணத்தில் விசாரிக்காமல் சாப்பிடக்கூடிய வேளை அது.

நான்காவது நாளைக் காலியாக விடுங்கள். மழை பெய்தால் சிம் ஷா சுயிலேயே விண்வெளி அருங்காட்சியகமும் அறிவியல் அருங்காட்சியகமும் இருக்கின்றன. முன்னதற்குச் செவ்வாய் விடுமுறை, பின்னதற்கு வியாழன். வெயிலடித்தால் சென்ட்ரல் துறையிலிருந்து லம்மா தீவுக்குப் படகு. அங்கே கார் கிடையாது. டிஸ்னிலேண்டுக்கு மட்டும் தேதி போட்டு டிக்கெட் எடுங்கள். மலையும் புத்தரும் எந்த நாள் என்பதை அங்கே போய், அன்றன்று காலையில் வானத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். பேக்கேஜில் போனால் அதைச் செய்யமுடியாது.