கிரிக்கெட் சுழற்பந்து வீச்சாளர் அஸ்வின் ஓய்வு பெற்றபோது ரசிகர்கள் இவ்வளவு உருகியது ஏன்? திருநெல்வேலிப் பக்கம் அவர் மேல் ஏன் இத்தனை பிரியம்?

இப்படிக் கேட்கிறவர்கள் கூடவே ஒன்று சொல்வார்கள்: "அவர் சென்னைக்காரர், நம்ம ஊர்ப் பக்கம் பிறந்தவர்கூட இல்லை, அப்புறம் என்ன?" அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். 106 டெஸ்ட், 537 விக்கெட், ஆறு சதம். இந்தியர்களில் கும்ப்ளேவின் 619-க்கு அடுத்த இடம். இந்தக் கணக்கைப் பார்த்து மரியாதை வரும். பிரியம் வந்தது வேறு வழியில். அஸ்வின் தன் வேலையை மூடி வைக்கவில்லை. எந்தப் பந்தை ஏன் போட்டேன் என்று தமிழிலேயே விளக்கினார். ராத்திரி அவர் யூடியூபில் சொன்னதைக் காலையில் குளத்துத் தரையில் ஒரு பையன் போட்டுப் பார்க்க முடிந்தது. சச்சின் அடித்த ஸ்ட்ரெய்ட் டிரைவை ரசிக்கலாம், தோனியின் சிக்ஸரைக் கொண்டாடலாம். அஸ்வினின் பந்தைப் பழகலாம்.

நம்ம பக்கத்துப் பயலுவ அதிகம் பழகுவது அவருடைய கேரம் பால். அதை அவர் சொல்லும் பெயரே சொடுக்குப் பந்து. மேற்கு மாம்பலம் தெருக்களில் டென்னிஸ் பந்து ஆடிய ஒருவரிடம் பார்த்துப் பழகியது என்று அவரே சொல்லியிருக்கிறார். 2008-ல் இலங்கையின் மெண்டிஸ் அதை உலகத்துக்குக் காட்டினார் என்றாலும் நம் தெருக்களில் அது அதற்கு முன்பே இருந்திருக்கிறது. தெருவில் கற்ற ஒரு வித்தை டெஸ்ட் ஆட்டம் வரை போகும் என்று காட்டிய ஆள் மேல், அறுவடை முடிந்த வயலில் மட்டை பிடிக்கிறவனுக்குப் பாசம் வராமல் எப்படி இருக்கும்?

பந்தைக் கட்டைவிரலுக்கும் மடக்கிய நடுவிரலுக்கும் இடையில் பிடிக்க வேண்டும். ஆள்காட்டி விரல் பக்கத்தில் தாங்கும். விடும் நொடியில் நடுவிரல் பந்தைச் சொடுக்கித் தள்ளும். வலது கை பேட்ஸ்மேனுக்கு அது லெக் பக்கம் விழுந்து ஆஃப் பக்கம் வெளியே போகும். டென்னிஸ் பந்தில் ஒரு வாரத்தில் கைவந்துவிடும், அதன் எடை 56 முதல் 59 கிராம்தானே. லெதர் பந்து 156 முதல் 163 கிராம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு எடையை ஒரே விரல் தள்ளியாக வேண்டும். பெரும்பாலான பையன்கள் தோற்பது இங்கேதான். விரலில் வலு போதாது என்றதும் கையின் வேகத்தைக் குறைப்பார்கள், பேட்ஸ்மேன் உடனே கண்டுபிடித்துவிடுவான். இல்லையென்றால் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பார்கள், அப்போது பந்து சுழலாமல் நேராகப் போகும். வியர்வைக் கையோடு போட்டால் இடுப்புயர ஃபுல் டாஸ். லெதர் பந்தில் பழகுகிறவர்கள் ஓடி வராமல் நின்ற இடத்திலிருந்து பத்து கெஜ தூரத்துக்குப் போட்டுத் தொடங்குவது நல்லது. விழும் இடம் கைக்கு வந்த பிறகு 22 கெஜத்துக்குப் போகலாம். விரல் மூட்டு வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும். கை சிறிய பையன்கள் முதலில் ஆஃப் ஸ்பின்னை, அதாவது வலது கை பேட்ஸ்மேனுக்கு உள்ளே திரும்பும் பந்தை, ஒழுங்காகப் பழகட்டும். அஸ்வினுக்குமே அதுதான் சோறு போட்ட பந்து, சொடுக்கு இடையிடையே வந்ததுதான்.

இடது கை ஆட்டக்காரர்கள் அவரிடம் பட்ட பாட்டையும் சொல்லியாக வேண்டும். டெஸ்டில் அவர் எடுத்த விக்கெட்டுகளில் 250-க்கு மேல் லெஃப்ட்டிகள்தான். அவர்களுக்கு அவர் பெரும்பாலும் ரவுண்ட் தி விக்கெட், அதாவது ஸ்டம்ப் தன் இடப்பக்கம் இருக்கும்படி வந்தார். ஓவர் தி விக்கெட், அதாவது ஸ்டம்புக்கு மறுபக்கம் வந்தால் நிறையப் பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே விழும், காலில் பட்டாலும் எல்.பி.டபிள்யூ. கிடையாது. ரவுண்ட் வந்தால் பந்து ஆஃப் பக்கமிருந்து கிளம்பி ஸ்டம்பை நோக்கி உள்ளே வரும், காற்றில் இன்னும் கொஞ்சம் உள்ளே நகரும், விழுந்தபின் வெளியே திரும்பும். திரும்பினால் ஸ்லிப்பில் கேட்ச். திரும்பாமல் நேரே போனால் கால் காப்பு அல்லது ஸ்டம்ப். பேட்ஸ்மேன் எதற்குத் தயாராவான்? அந்தத் திரும்பாத பந்தும் தற்செயலாக வருவதில்லை. விரல்கள் பந்தின் பக்கவாட்டில் போகாமல் அடிப்பக்கமாக வழுக்கி விடும்போது தையல் படுத்துக்கொள்ளும், பந்து சறுக்கிக்கொண்டு நேரே போகும். பழகாதவன் கையில் அது பிழை. அவர் அதையே வேண்டுமென்று செய்தார்.

காற்றில் நகர்வது என்றேனே, அது திருநெல்வேலிச் சீமையில் தனிப் பாடம். தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) 2016-ல் தொடங்கிய முதல் சீசனிலேயே தாழையூத்து சங்கர் நகர் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானத்தில் ஆட்டங்கள் நடந்தன. இந்தப் போட்டி பெரும்பாலும் நடப்பது ஆனி, ஆடியில். குற்றாலத்தில் சாரல் விழும் அந்த மாதங்களில் கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும் மேல்காற்றுதான் கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுற்றுகிறது. வலது கை ஆஃப் ஸ்பின்னரின் பந்து இயல்பாகவே அவருக்கு இடப்பக்கம் நகரும். வடக்கு முனையிலிருந்து தெற்கு பார்த்து வீசினால் மேல்காற்று வலப்பக்கமிருந்து இடப்பக்கம் தள்ளும், நகர்வு கூடும். தெற்கிலிருந்து வடக்கு பார்த்து வீசினால் அதே காற்று நகர்வைத் தின்றுவிடும். மேற்கு நோக்கி, அதாவது காற்றை எதிர்த்து வீசும்போது பந்து பேட்ஸ்மேன் எதிர்பார்ப்பதற்கு முன்பே சட்டென்று இறங்கும். காற்று முதுகில் இருந்தால் பந்து இறங்காமல் நீண்டு மட்டைக்கே போய்ச் சேரும். உள்ளூர் போட்டிகளில் கேப்டன்கள் இதைப் பார்க்காமல் ஸ்பின்னரை எந்த முனையிலும் போட வைத்துவிட்டு, அடி வாங்கியதும், "ஏலே, ஒழுங்கா போடுலே" என்று கத்துவார்கள். முனையை மாற்றிக் கொடுத்தால் பாதி சரியாகிவிடும். இப்படி யோசிக்கிற பழக்கம் ஒரு தலைமுறைக்கு வந்ததில் அஸ்வினின் பங்கு பெரியது என்பது என் உறுதியான எண்ணம்.

பேட்டிங்கில் இரண்டு நாள்களை ரசிகர்கள் மறக்க மாட்டார்கள். 2021 ஜனவரி 11, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான சிட்னி டெஸ்டின் கடைசி நாள். கூட ஆடிய விஹாரிக்குத் தொடையில் காயம், அஸ்வினுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இருவரும் 42 ஓவருக்கு மேல் நின்று டிரா செய்தார்கள். அஸ்வின் 128 பந்தில் 39, விஹாரி 161 பந்தில் 23. ஸ்டம்ப் மைக்கில் அஸ்வின் தமிழில் பேசியது கேட்டது. மிச்சமிருக்கிற பந்துகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து ஆடலாம் என்ற திட்டம்தான் அது. தோல்வி கண்ணெதிரே நிற்கும்போது நம் மொழியில் ஒருவர் நிதானமாகக் கணக்குப் போட்டது இங்கே ரொம்பப் பேருக்கு உள்ளே இறங்கிவிட்டது. இன்னொன்று 2022 அக்டோபர் 23, மெல்போர்னில் பாகிஸ்தானுக்கு எதிரான டி20 உலகக் கோப்பை ஆட்டம். கடைசிப் பந்தில் இரண்டு ரன் வேண்டும். பவுலர் நவாஸ் லெக் பக்கம் போட்ட பந்தை அஸ்வின் தொடாமல் விட்டார், வைடு. அடுத்ததை மிட் ஆஃப் தலைக்கு மேல் தூக்கிவிட்டு முடித்தார். அந்த நெருக்கடியில் அடிக்காமல் விட எவ்வளவு தெளிவு வேண்டும்!

2019 ஐ.பி.எல்.லில் ஜெய்ப்பூரில் எதிரணியின் பட்லரை, பந்தை விடுவதற்கு முன்பே நான்-ஸ்ட்ரைக்கர் முனையில் ரன் அவுட் செய்ததற்காக அவரை ஏசாதவர்கள் இல்லை. அவர் பின்வாங்கவில்லை. கிரீஸை விட்டு முன்கூட்டியே ஓடுகிறவன்தான் ஆதாயம் தேடுகிறான், பவுலர் அல்ல என்ற நிலையில் நின்றார். 2022 அக்டோபரிலிருந்து விதிப்புத்தகம் அதை முறையற்ற ஆட்டம் என்ற பகுதியிலிருந்து எடுத்து ரன் அவுட் விதியான 38-இல் சேர்த்துவிட்டது. உள்ளூர் மேட்ச்களில் இதற்காகச் சண்டை பிடிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பவுலர் வழக்கமாகப் பந்தை விடும் கணம் வரைக்கும் நான்-ஸ்ட்ரைக்கர் கிரீஸுக்குள் இருந்தாக வேண்டும். முன்னெச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்று விதியில் இல்லை.

குறையும் இருந்தது. ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து மண்ணில் அவருக்கு ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் ஒருமுறைகூட விழவில்லை. 383 விக்கெட்டுகள் சொந்த நாட்டில் எடுத்தவை. ஆனால் 2021 இங்கிலாந்துத் தொடரில் ஒரு டெஸ்டிலும் அவரை இறக்கவில்லை, 2023-ல் ஓவலில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியிலும் வெளியே உட்கார வைத்தார்கள். இவ்வளவு யோசிக்கிற ஒருவருக்கு அங்கே இன்னும் வாய்ப்புக் கிடைத்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் ரசிகர்களுக்கு உண்டு, அது நியாயம் என்றே நினைக்கிறேன்.

அதனால்தான் ஓய்வு அப்படி வலித்தது. 2024 டிசம்பரில் ஆஸ்திரேலியத் தொடரின் நடுவில், மூன்றாவது டெஸ்ட் டிரா ஆன கையோடு கேப்டன் ரோஹித் பக்கத்தில் உட்கார்ந்து சில நிமிடங்களில் சொல்லிவிட்டு எழுந்தார். மறுநாளே ஊர் திரும்பிவிட்டார். 2025 ஆகஸ்டில் ஐ.பி.எல்.லிலிருந்தும் விலகினார். சேப்பாக்கத்தில் அவர் ஆடிய கடைசி டெஸ்ட் 2024 செப்டம்பரில், வங்கதேசத்துக்கு எதிராக: 113 ரன், இரண்டாம் இன்னிங்ஸில் 88 ரன்னுக்கு ஆறு விக்கெட். இதுதான் இங்கே கடைசி என்று தெரிந்திருந்தால் நெல்லை எக்ஸ்பிரஸில் முன்பதிவு இல்லாத பெட்டியில் நின்றுகொண்டாவது போயிருப்பார்கள் நம்ம ஆட்கள்.