மலையுச்சிக் கோபுரம் முகாமுக்கு வரலாமா?

ரேஞ்சரிடம் கேளுங்கள்

கேள்வி: நியூயார்க் மாநிலத்தில் என் பேரன் போகும் கோடை முகாமில், மலையுச்சியில் கிடக்கும் பழைய தீக் கண்காணிப்புக் கோபுரத்தைக் கழற்றி வந்து நிறுத்தப் பணம் திரட்டுகிறார்களாம். மகள் கொடுக்கலாமா? பழைய இரும்புக்கு இத்தனை பாடா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பழைய இரும்புதான் அம்மா, ஆனால் காயலான் கடைக்குப் போக வேண்டிய இரும்பில்லை. அதே நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைகளில் 1903இலும் 1908இலும் லட்சக்கணக்கான ஏக்கர் காடு எரிந்தது. மரம் வெட்டியவர்கள் விட்டுப்போன கழிவும் ரயில் எஞ்சின் கக்கிய பொறியும் சேர்ந்து செய்த வேலை. 1909 முதல் உச்சிகளில் காவலுக்கு ஆளை ஏற்றினார்கள். முதலில் மரக் கோபுரம். பிறகு சிகாகோவின் ஏர்மோட்டார் கம்பெனி செய்த இரும்புக் கோபுரம். தண்ணீர் இறைக்கும் காற்றாலைதான் அந்தக் கம்பெனியின் தொழில். அதே வடிவத்தை உயர்த்தி, மேலே ஏழுக்கு ஏழு அடியில் ஓர் அறை வைத்தார்கள். துத்தநாகம் பூசிய ஆங்கிள் இரும்பு, போல்ட், நட்டு. துண்டு துண்டாக ஏறியது, துண்டு துண்டாக இறங்கவும் செய்யும். அங்குள்ள ஒயிட்ஃபேஸ் மலையின் கோபுரம் இப்படித்தான் ப்ளூ மவுண்டன் லேக் அருங்காட்சியகத்துக்கு வந்தது.

ஆனால், அந்த மலைக்குப் பாதை இருந்து ஜனங்கள் ஏறிக்கொண்டிருந்தால், கோபுரத்தை அங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள். ஹேட்லி மலையில் இருந்த இடத்திலேயே செப்பனிட்டார்கள். இன்றும் ஏறிப் பார்க்கிறார்கள். அநாதையாகத் துருப்பிடிக்கும் கோபுரத்துக்கு மட்டுமே முகாம் கதி.

பணம் கொடுக்கும் முன் மகள் ஒன்று கேட்கட்டும்: மேலறையில் மேஜை வருமா? காவலரின் உயிர்நாடி அதுதான். வட்டமான வரைபடம், அதன் நடுவில் சுழலும் பார்வைச் சட்டம். புகை தெரிந்ததும் சட்டத்தை அதன் பக்கம் திருப்பி, எத்தனை டிகிரி என்று போனில் சொல்வார். ஒரு கோபுரம் சொன்னால் திசைதான் தெரியும். இன்னொரு கோபுரமும் சொல்லி, இரண்டு கோடும் வெட்டும் இடத்தில்தான் தீ. முகாம் பள்ளத்தில் இருந்தாலும் இதைச் சொல்லித்தரலாம்: ஒரு பிள்ளை மேலே, இன்னொருவன் திசைகாட்டியுடன் தூரத்தில், தீக்குப் பதில் மரங்களுக்கிடையே ஒரு சிவப்புக் கொடி. மேஜை இல்லையென்றால் அது செல்பி எடுக்கும் பரண். அதற்கு நான் காலணா தரமாட்டேன்.

கேள்வி: பிள்ளைகள் ஏறுவது ஆபத்தில்லையா?
– அதே வாசகி

பதில்: சரியாக நிறுத்தினால் இல்லை. உச்சியில் கால்களைப் பாறையில் துளைத்து இறுக்கியிருப்பார்கள், முகாமில் மண். காற்று கோபுரத்தைச் சாய்க்கப் பார்க்கும்போது ஒரு பக்கத்துக் கால்களைப் பிடுங்கி இழுக்கும். அதைத் தாங்கும் கனத்தில் கான்கிரீட் அடித்தளம் வேண்டும். கணக்கைப் பொறியாளர் போட வேண்டும், ஆர்வலர் போடக்கூடாது. உளுத்த படிப்பலகைகள் அத்தனையும் மாற வேண்டும். படிகளின் பக்கவாட்டில் கம்பி வலை கட்டாயம். மேலறையின் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். சோதிக்காமல் சுரண்டவே கூடாது.

கேள்வி: இடி விழுந்தால்?
– வாசகர், தேனி

பதில்: விழும். நாலு காலுக்கும் எர்த் கம்பி போடுவார்கள். மேற்கு மாநிலங்களில் காவலர்கள், மின்சாரம் பாயாதபடி கண்ணாடிக் கால் பொருத்திய முக்காலியில் நின்று புயலைச் சமாளித்தார்கள். முகாமுக்கு அந்த வீரமெல்லாம் வேண்டாம். முதல் முழக்கம் கேட்டதும் எல்லோரும் கீழே இறங்க வேண்டும், படிவாசலுக்குப் பூட்டு, சாவி பொறுப்பாளர் இடுப்பில்.