ஆசியப் போட்டிக்கு வழி எது? டென்னிஸ் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

அண்மையில் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைச் சுற்றியவை. ஆசிய டென்னிஸ் சம்மேளனம் எப்படி இயங்குகிறது, அதனால் நம் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும், யாரிடம் போய்க் கேட்பது? கொழும்பு ஆடுகளங்களில் பயிற்றுநராகவும் போட்டி அலுவலராகவும் நெடுங்காலம் நின்றவன் என்ற முறையில் எனக்கு உறுதியாகத் தெரிந்ததை எழுதுகிறேன். இந்த விபரங்கள் தமிழில் கிடைக்காததால் மட்டுமே வாய்ப்பிழந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

என் மகனுக்கு 12 வயது. ஆசிய டென்னிஸ் சம்மேளனத்தில் அவனை உறுப்பினராகச் சேர்க்க விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும்? (ஒரு தாய், வெள்ளவத்தை)

அப்படியொரு படிவம் இல்லை, அம்மா. அந்தச் சம்மேளனத்தில் உறுப்பினராக இருப்பவை நாடுகள். ஆட்டக்காரர்கள் தனித்தனியாக அதில் சேர்வதில்லை. 1958இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பில் இன்று 40க்கு மேற்பட்ட தேசிய சங்கங்கள் இருக்கின்றன. உங்கள் மகன் இலங்கை டென்னிஸ் சங்கத்தில் பதிந்திருந்தால், அந்தச் சங்கத்தின் வழியாகவே அவன் ஆசியாவுக்குள் நுழைகிறான்.

அமைப்பை ஒருமுறை மேலிருந்து பார்த்துவிட்டால் பிறகு குழப்பம் வராது. உச்சியில் இருப்பது சர்வதேச டென்னிஸ் சம்மேளனம். 1913இல் பாரிஸ் நகரில் 12 நாடுகள் கூடித் தொடங்கினார்கள். இப்போது லண்டனிலிருந்து இயங்குகிறது. ஆட்டத்தின் விதிகள், ஆண்கள் தேசிய அணிகளுக்கான டேவிஸ் கிண்ணம், பெண்கள் தேசிய அணிகளுக்கான பில்லி ஜீன் கிங் கிண்ணம், 18 வயதுக்குட்பட்டோருக்கான உலகச் சுற்று ஆகியவை அதன் பொறுப்பு. உலகம் முழுவதையும் ஓர் அலுவலகத்திலிருந்து கவனிக்க முடியாது என்பதால் ஆசியா, ஐரோப்பா, ஆபிரிக்கா, தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்காவும் கரீபியனும், ஓசியானியா என்று ஆறு பிராந்திய சங்கங்கள் இருக்கின்றன. டேவிஸ் கிண்ணத்தில் ‘ஆசியா/ஓசியானியா’ என்று சேர்த்து எழுதுவதைப் பார்த்து இரண்டும் ஒரே சங்கம் என்று பலர் நினைக்கிறார்கள். போட்டிக்காக இணைத்த வலயம்தான் அது. சங்கங்கள் இரண்டும் வேறு.

ஆசியாவோ லெபனானிலிருந்து ஜப்பான் வரை நீள்வது. அதனால் அதற்குள்ளேயே கிழக்கு, தென்கிழக்கு, தெற்கு, மத்தி, மேற்கு என்ற பிரிவுகள் உண்டு. நாம் தெற்காசியாவில் இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம் போன்ற நாடுகளுடன் இருக்கிறோம். உங்கள் மகனின் வயதுக்கு இந்தப் பிரிவுதான் முக்கியம். 12 வயதுக்குட்பட்டோரின் அணிப் போட்டிகளில் முதல் சுற்று பக்கத்து நாடுகளோடுதான் நடக்கும். 14 வயதுக்குட்பட்டோருக்குத் தனிநபர் போட்டித் தொடர்களும் ஆசியத் தரவரிசையும் இருக்கின்றன.

இவற்றுக்கெல்லாம் கீழே நம் சங்கம் இருக்கிறது. 1915இல் உருவானது, கொழும்பு 7இல் சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் அமைந்திருக்கிறது. முதலில் அங்கே போய் மகனைப் பதிவுசெய்யுங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியைக் கையோடு கொண்டுபோங்கள். வயதுப் பிரிவுப் போட்டிகளில் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

ஐயா, ஆசியச் சங்கம் ஏழைப் பிள்ளைகளுக்குப் பணம் கொடுக்கிறதாமே? என் மகள் நன்றாக ஆடுகிறாள். பயணச் செலவே எங்களை விழுங்குகிறது. (ஒரு தந்தை, வவுனியா)

உங்கள் கேள்விக்கு நீண்ட பதில் எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள். காசோலையாக வீட்டுக்கு வரும் உதவியை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். பிராந்திய சங்கத்தின் பெரிய உதவி, போட்டியையே நம் பக்கத்துக்குக் கொண்டுவருவதுதான். ஆட்டக்காரருக்கு ஆகும் பெருஞ்செலவு விமானச் சீட்டும் தங்குமிடமும். ஐரோப்பாவுக்குப் போய்த் தேட வேண்டிய போட்டி அனுபவம் கொழும்பிலோ கத்மண்டுவிலோ டில்லியிலோ கிடைத்தால் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு மிச்சமாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது பயணக் குழுக்கள். விம்பிள்டன் உள்ளிட்ட, கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளும் சேர்ந்து ஒரு வளர்ச்சி நிதியை 1980களின் நடுப்பகுதியிலிருந்து நடத்திவருகின்றன. வசதி குறைந்த நாடுகளின் திறமையான இளையோரை ஒரு பயிற்றுநரின் கீழ் குழுவாகச் சேர்த்து, சில வாரங்கள் தொடர்ந்து போட்டிகளுக்கு அழைத்துச் செல்வதற்கு அந்த நிதி உதவுகிறது. பிள்ளைகளின் பெயரை முன்மொழிவது தேசிய சங்கமே. தரவரிசையில் ஏற்கெனவே ஓரளவு ஏறியவர்களுக்குத் தனிநபர் மானியமும் உண்டு. சர்வதேச ஒலிம்பிக் குழுவின் உதவித் திட்டமான ஒலிம்பிக் ஒருமைப்பாட்டுப் புலமைப்பரிசில் என்பது வேறு வழி. அதற்குத் தேசிய ஒலிம்பிக் குழுவே விண்ணப்பிக்கும். பயிற்றுநர்களுக்கான சர்வதேசத் தரப் பயிற்சிகள், பயிற்சி முகாம்கள், பந்து, வலை, ரக்கெட் போன்ற உபகரணங்கள் என்று மற்ற உதவிகளும் தேசிய சங்கத்தின் கை வழியாகவே கீழே வருகின்றன.

ஆகவே உங்கள் மகளின் பெயர் கொழும்பில் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஆண்டு முழுவதும் ஓட வேண்டியதில்லை. புள்ளி கிடைக்கும் முக்கியமான மூன்று நான்கு போட்டிகளைத் தேர்ந்தெடுத்து அவற்றுக்கு மட்டும் வாருங்கள். ஆட்ட முடிவுகளைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அனுசரணை கேட்டு ஒரு நிறுவனத்துக்குப் போனால் நூறு வார்த்தைகளைவிட அந்தக் கொப்பி அதிகம் பேசும்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியில் வருகைப் பதிவு மேசையில் இருந்தேன். காலை 8.30க்குப் பதிவு முடிந்தது. 8.40க்கு வடக்கிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த தந்தையும் மகளும் வாசலில் நின்றார்கள். வழியில் பஸ் பழுதாகிவிட்டதாம். அட்டவணை எழுதி ஒட்டியாகிவிட்டது. நான் ‘இல்லை’ என்று சொன்னேன். அந்தச் சிறுமி ஒன்றும் பேசவில்லை. வாங்கில் உட்கார்ந்து, அப்போதுதான் கட்டியிருந்த சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள். விதிப்படி நான் செய்தது சரிதான், ஆனாலும் அந்த விரல்கள் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. முதல் நாளே தொலைபேசியில் வருகையை உறுதிசெய்யும் வசதி பல போட்டிகளில் உண்டு. அது அவர்களுக்குத் தெரியாது, சொல்வதற்கும் யாரும் இருக்கவில்லை. நீங்கள் தயவுசெய்து முதல் நாளே போட்டி நடுவரை அழைத்துக் கேளுங்கள்.

தேசிய அணித் தெரிவில் என் மகனைவிடத் தரவரிசையில் கீழே இருந்தவனை எடுத்துவிட்டார்கள். யாரிடம் முறையிடுவது? ஆசியச் சங்கத்துக்கு எழுதலாமா? (தெஹிவளை)

ஆசியச் சங்கத்துக்கு எழுதிப் பயனில்லை. ஒரு நாட்டின் அணித் தெரிவில் அது தலையிடாது. இலங்கையில் தேசிய சங்கங்கள் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் பதியப்பட்டவை. நாட்டைப் பிரதிநிதித்துவப்படுத்தும் அணியைச் சங்கத்தின் தெரிவுக்குழு தெரிவுசெய்த பிறகு விளையாட்டுத்துறை அமைச்சரின் அனுமதியும் தேவை.

முதலில் தெரிவுக்கான நிபந்தனைகளை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தரவரிசை மட்டுமா, தகுதிகாண் ஆட்டம் உண்டா, இரட்டையர் ஆட்டத்துக்கு என்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். 14 வயதுக்குட்பட்டோரின் உலக அணிப் போட்டியில் ஓர் அணிக்கு மூன்று பேர்தான். இரண்டு ஒற்றையர் ஆட்டங்கள், ஓர் இரட்டையர் ஆட்டம். மூன்றாம் இடத்துக்கு நல்ல இரட்டையர் ஆட்டக்காரரை எடுப்பது பல நாடுகளில் வழக்கம். அப்படி இருந்தால் அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். நிபந்தனையை மீறித்தான் எடுத்தார்கள் என்றால் சங்கத்தின் செயலாளருக்கு எழுத்தில் முறையிடுங்கள், பிரதியை விளையாட்டு அபிவிருத்தித் திணைக்களத்துக்கு அனுப்புங்கள். வாய்ப்பேச்சு எதற்கும் உதவாது. உங்கள் கோபத்தை மகனின் காதில் போடாதீர்கள். அடுத்த வாரமும் அதே பிள்ளைகளோடுதான் அவன் ஆட வேண்டும்.

மகள் அடுத்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். உலக இளையோர் சுற்றில் இப்போதே சேர்க்கலாமா? (கொட்டாஞ்சேனை)

13 வயது நிறைந்தவர்கள் சேரலாம். சின்ன வயதில் ஓராண்டில் எத்தனை போட்டிகள் ஆடலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. உடம்பும் படிப்பும் கெடாமல் இருக்க வைத்த நல்ல விதி அது. ‘ஐபின்’ என்ற சர்வதேசப் பதிவு எண்ணை முதலில் எடுக்க வேண்டும். போட்டிகளின் தரத்தை ஜே30, ஜே60, ஜே100 என்று தொடங்கி ஜே500 வரை பிரித்திருக்கிறார்கள். அந்த எண் ஒற்றையர் பட்டம் வெல்பவருக்குக் கிடைக்கும் புள்ளி. தரவரிசைக்குச் சிறந்த ஆறு ஒற்றையர் முடிவுகளையும், சிறந்த ஆறு இரட்டையர் முடிவுகளின் கால் பங்கையும் கூட்டுவார்கள். ஆறு முடிவுகள்தான் கணக்கு என்பதைக் கவனியுங்கள். பரீட்சை ஆண்டில் இருபது இடங்களுக்கு ஓட வேண்டிய அவசியமே இல்லை.

விண்ணப்பம் போட்டிக்கு ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு முன்பே, ஒரு செவ்வாய்க்கிழமை முடிந்துவிடும். கிரீன்விச் நேரம் 14.00, நமக்கு இரவு 7.30. நள்ளிரவு வரை நேரம் இருக்கிறது என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

என் கருத்தைக் கேட்டால், இந்த ஆண்டு கொழும்பில் நடக்கும் ஜே30 போட்டிகளை மட்டும் ஆடட்டும். பரீட்சை முடிந்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

நான் தோட்டப் பாடசாலை ஆசிரியை. எங்களிடம் ஒரு கொங்கிரீட் முற்றம் மட்டும் இருக்கிறது. டென்னிஸ் தொடங்க முடியுமா? (ஹட்டன்)

நிச்சயமாக முடியும்! இந்தக் கேள்வியை வாசித்தபோது எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. முழு ஆடுகளம் 23.77 மீற்றர் நீளம். உங்களுக்கு அது தேவையில்லை. 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று மூன்று வகைப் பந்துகள் உண்டு. சிவப்புப் பந்து வழக்கமான மஞ்சள் பந்தைவிட 75 வீதம் மெதுவாகப் போகும். செம்மஞ்சள் 50 வீதம், பச்சை 25 வீதம். சிவப்புப் பந்துக்கு 11 மீற்றர் நீளமும் 80 சென்ரிமீற்றர் உயர வலையும் போதும். காலை ஒன்றுகூடல் நடக்கும் முற்றத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, இரண்டு கதிரைகளுக்கு இடையில் கயிறு கட்டினால் ஆட்டம் தொடங்கிவிடும். 2012 முதல், 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக்கூடாது என்பது சர்வதேச விதியாகவே ஆகிவிட்டது. ஆகவே நீங்கள் செய்வது ஏழைகளுக்கான மாற்று வழியன்று. உலகம் முழுவதும் பிள்ளைகள் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.

அதிபரின் கையொப்பத்தோடு, எத்தனை பிள்ளைகள், முற்றத்தின் அளவு என்ன என்று எழுதி ஒரு புகைப்படத்துடன் சங்கத்தின் அபிவிருத்திப் பிரிவுக்கு அனுப்புங்கள். பந்தும் சிறிய ரக்கெட்டும் கேளுங்கள், உங்களுக்கு ஓர் அடிப்படைப் பயிற்றுநர் பயிற்சியும் வேண்டும் என்று கேளுங்கள். பயிற்சியை முதலில் கேட்பதே நல்லது. பந்து தேய்ந்துவிடும், நீங்கள் கற்றது பாடசாலையிலேயே இருக்கும். கொழும்பு 7 ஆடுகளத்தில் இந்தப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

14 வயது மகளை அணியோடு வெளிநாட்டுக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது. (வத்தளை)

பயம் நியாயமானது. கூடப் போகும் பொறுப்பாளர்களில் பெண் இருக்கிறாரா, அறையில் யாருடன் தங்குவாள், இரவில் அழைக்க எந்த இலக்கம், சுகமில்லாமல் போனால் யார் கூட்டிச்செல்வார்? இந்த நான்குக்கும் புறப்படுவதற்கு முன் எழுத்தில் பதில் வாங்குங்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்கான கொள்கை சர்வதேசச் சம்மேளனத்தில் இருக்கிறது. கேட்பது உங்கள் உரிமை. முகம் சுளிப்பவர்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

நம் நாட்டு அணி ஆசியாவில் எந்த நிலையில் இருக்கிறது? (உயர்தர மாணவர், பம்பலப்பிட்டி)

டேவிஸ் கிண்ணத்தில் உலகப் பிரிவுகளுக்குக் கீழே, ஆசியா/ஓசியானியா வலயத்தில் மூன்றாம், நான்காம் பிரிவுகள் உண்டு. நாம் அந்த மட்டத்தில் ஏறியிறங்கி வருகிறோம். அந்தப் பிரிவுகளில் எல்லா நாடுகளும் ஒரே இடத்தில் கூடி ஒரே வாரத்தில் ஆடி முடிப்பார்கள். 2017 ஜூலையில் மூன்றாம் பிரிவுப் போட்டி நம் சங்கத்தின் களிமண் ஆடுகளத்தில் நடந்தது. இலங்கையும் லெபனானும் அங்கிருந்து இரண்டாம் பிரிவுக்கு உயர்ந்தன. சொந்த மண்ணில் ஆடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு அதுவே சான்று. அதனால்தான் பிராந்தியப் போட்டிகளைக் கொழும்புக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்கிறேன்.

என் தம்பி விபத்தில் காலை இழந்தவன். சக்கர நாற்காலி டென்னிஸ் இலங்கையில் உண்டா? (மட்டக்களப்பு)

உண்டு, அதில் நம் நாட்டுக்கு நல்ல பெயரும் இருக்கிறது. டோக்கியோ பாரா ஒலிம்பிக்கில் சுரேஷ் தர்மசேன இலங்கைக்காகச் சக்கர நாற்காலி டென்னிஸ் ஆடினார். ஆடுகளம், வலை, பந்து, ரக்கெட் எல்லாம் அதேதான். ஒரே வேறுபாடு, பந்து இரண்டு முறை குத்தி எழலாம், இரண்டாவது குத்து கோட்டுக்கு வெளியே விழுந்தாலும் செல்லும். அதனால் தம்பி உங்களோடும் ஆடலாம். அவனுக்கு இரண்டு குத்து, உங்களுக்கு ஒன்று.

ஆட்டத்துக்கான நாற்காலி வேறு. சக்கரங்கள் கீழே அகன்று சாய்ந்திருக்கும், திரும்பும்போது கவிழாது. விலை அதிகம், உடனே வாங்க வேண்டாம். சங்கத்தில் சக்கர நாற்காலிப் பயிற்சி எந்த நாட்களில் நடக்கிறது என்று கேட்டு, ஒருமுறை கொழும்புக்கு அழைத்து வாருங்கள். அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஒரு கை சக்கரத்தில், மறு கையில் ரக்கெட். முதல் நாள் பந்து அடிக்கவே வேண்டாம், நாற்காலியைத் திருப்பிப் பழகினால் போதும்.