ஜூனியர்களின் லைசென்ஸுக்கு வழிகாட்டச் சொல்கிறார்கள், ஒப்புக்கொள்ளலாமா?

கேள்வி: அமெரிக்காவில், டல்லஸில் ஆர்க்கிடெக்டாக வேலை பார்க்கிறேன். போன வருடம்தான் லைசென்ஸ் வாங்கினேன். எங்கள் ஆபீஸில் லைசென்ஸுக்குத் தயாராகும் ஜூனியர்கள் நான்கு பேர். இருவர் தமிழ்நாட்டில் பி.ஆர்க். முடித்து வந்தவர்கள். இவர்களுக்குத் தன்னார்வ ஆலோசகராக இருக்கச் சொல்கிறார்கள். எனக்கு அனுபவம் குறைவு. எங்கே தொடங்குவது?

பதில்: தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். போன வருடம்தான் லைசென்ஸ் வாங்கினேன் என்று குறைபோலச் சொல்கிறீர்கள். இந்த வேலைக்கு அதுதான் தகுதி. பதினைந்து வருடத்துக்கு முன் லைசென்ஸ் வாங்கியவர் காலத்தில் லைசென்ஸுக்கு முன் வேலை பார்த்துப் பெற வேண்டிய பயிற்சிக்கு ஐ.டி.பி. என்று பெயர், 5,600 மணி நேரம். இன்று அது ஏ.எக்ஸ்.பி., 3,740 மணி நேரம். தேறிய லைசென்ஸ் தேர்வு ஐந்து வருடத்தில் காலாவதியாகும் என்ற விதியையும் 2023-இல் எடுத்துவிட்டார்கள். அது தெரியாமல் பாதியில் விட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் ஆபீஸிலும் அப்படி யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

சரி, முதல் சந்திப்பில் என்ன செய்வது? அறிவுரை எதுவும் வேண்டாம். ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, என்கார்ப் (இந்தப் பயிற்சியையும் லைசென்ஸ் தேர்வையும் நடத்தும் அமைப்பு) கணக்கைத் திறந்து மணி நேரப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். ஆறு பிரிவுகளில் வரைபடங்களும் ஆவணங்களும் தயாரிக்கும் பிரிவுக்குத்தான் ஆக அதிகம், 1,520 மணி. ஜூனியர் நாள் முழுக்கச் செய்வதே அந்த வேலைதான், அது தானாக நிரம்பிவிடும். கட்டுமானம் நடக்கும்போது பார்க்கும் வேலைக்கு 360 மணி, அலுவலக நிர்வாகத்துக்கு 160 மணி. சின்ன எண்கள்தான், ஆனால் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நான் வழிகாட்டிய ஒரு பெண்ணின் பட்டியலில் வரைபடப் பிரிவு எப்போதோ நிரம்பியிருந்தது. கட்டுமானப் பிரிவில் பன்னிரண்டே மணி. மூன்று வருடம் கதவு விவரங்களும் சுவர் வெட்டுப்படங்களுமே வரைந்திருந்தாள், ஒரு சைட் மீட்டிங்குக்கும் அவளை யாரும் கூட்டிப்போகவில்லை. கூட்டிப்போகும்படி தானாகக் கேட்கவும் அவளுக்குக் கூச்சம். நான் அவளுடைய பிராஜெக்ட் மேனேஜரிடம் போய், வாராவாரம் நடக்கும் சைட் மீட்டிங்குக்கு இவளை அனுப்புங்கள், கான்ட்ராக்டர் விளக்கம் கேட்டு அனுப்பும் ஆர்.எஃப்.ஐ.க்குப் பதிலை இவளே முதலில் எழுதட்டும், கான்ட்ராக்டர் தரப்பு வரைந்து அனுப்பும் ஷாப் டிராயிங்கை இவளே முதலில் பார்க்கட்டும் என்று கேட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஆலோசகரின் வேலையில் முக்கால்வாசி இதுதான் என்பேன்: ஜூனியர் கேட்கத் தயங்குவதை அவருக்காகப் போய்க் கேட்பது.

ஒன்றை நினைவில் வையுங்கள். மணி நேரத்துக்கு ஒப்புதல் கொடுப்பவர் அவர்களுடைய சூப்பர்வைசர்தான். ஆலோசகர் என்ற முறையில் அந்த அதிகாரம் உங்களுக்கு இல்லை. சூப்பர்வைசர் மாதக்கணக்கில் ஒப்புதலைத் தள்ளிப்போட்டால் போய் நினைவூட்டலாம். ஜூனியர்களும் மணி நேரத்தை அப்போதைக்கப்போது பதிய வேண்டும். நாளாக நாளாகப் பதிவின் மதிப்பு குறையும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த இருவர் விஷயம் வேறு. நம் ஊரில் பட்டம் வாங்கி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிந்தால் ஆர்க்கிடெக்ட், தனியாக லைசென்ஸ் தேர்வு கிடையாது. இங்கே பட்டம் தொடக்கம்தான். லைசென்ஸ் கையில் வரும்வரை டெக்சாஸில் விசிட்டிங் கார்டிலோ லிங்க்ட்இன்னிலோ ஆர்க்கிடெக்ட் என்ற பெயரைப் போடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இங்கே மேற்படிப்பு படித்திருந்தால், என்ன பட்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாப் (ஆர்க்கிடெக்சர் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற எம்.ஆர்க். என்றால் கல்வித் தகுதி முடிந்தது. எம்.எஸ். பட்டத்துக்கு அந்த அங்கீகாரம் கிடையாது. அமெரிக்காவில்தானே படித்தோம் என்று நிம்மதியாக இருந்து, பல வருடம் கழித்து இதைத் தெரிந்துகொள்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. அவர்கள் பி.ஆர்க். பட்டத்தை, வெளிநாட்டுப் பட்டங்களை எடைபோடும் ஈ.ஈ.எஸ்.ஏ. மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் பட்டியல் வந்து சேரவே நாளாகும், இந்த வாரமே தொடங்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஏ.ஆர்.இ., அதாவது லைசென்ஸ் தேர்வு. மொத்தம் ஆறு தேர்வுகள். பத்துப் பேர் எழுதினால் நான்கைந்து பேர் தேறாமல் போவது சாதாரணம். தோற்றவர் அறுபது நாள் கழித்து மறுபடி எழுதலாம். அந்த இடைவெளியில்தான் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள், அந்தச் சமயத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அவருடைய மதிப்பெண் அறிக்கையை எடுத்து, எந்தப் பகுதியில் சறுக்கியது என்று சேர்ந்து பாருங்கள். என்கார்ப் இலவசமாகக் கொடுக்கும் மாதிரித் தேர்வுகளில் அந்தப் பகுதியை மறுபடி போடச் சொல்லுங்கள். ஆனால் “என்ன கேள்வி வந்தது?” என்று மட்டும் கேட்காதீர்கள். தேர்வு எழுதுபவர் அதை வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறார். நீங்கள் அக்கறையில் கேட்கும் கேள்வி அவருடைய தேர்வுக்கே வினையாகலாம்.

நேரம் அதிகம் ஆகாது, ஒருவருக்கு மாதம் ஒரு மணி நேரம் போதும். அந்த இருவரில் யாராவது சென்னையில் ஒரு ஆர்க்கிடெக்டிடம் வேலை பார்த்திருந்தால், அந்த அனுபவத்தில் 1,860 மணி நேரம் வரை இங்கே கணக்கில் சேரும். அந்த சீனியர்தான் ஒப்புதல் தர வேண்டும். இன்று ராத்திரியே அவருக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள், அங்கே காலை வேளையாக இருக்கும்.