'தெனேர்' தெரிந்தவர் 'த்னீர்' படிக்கும்போது

கேள்வி: எனக்கு ஸ்பானிஷ் ஓரளவு வரும். இப்போது பிரெஞ்சு படிக்கிறேன். "எனக்குப் பசிக்கிறது" என்பதற்கு ஸ்பானிஷில் "தெங்கோ ஆம்ப்ரே" என்பார்கள். அதே கணக்கில் "ஜ தியேன் ஃபேன்" என்று எழுதினேன், அடித்துவிட்டார்கள். 'தெங்கோ'வின் மூலவடிவமான ஸ்பானிஷ் தெனேர், 'தியேன்'னின் மூலவடிவமான பிரெஞ்சு த்னீர், இரண்டும் ஒரே லத்தீன் வினைதானே?

பதில்: ஒரே வினைதான். மூலம் 'தெனேரே', பொருள், கையில் பிடித்திருப்பது. உடைமையைச் சொல்ல லத்தீனில் 'ஹபேரே' தனியாக இருந்தது. பின்னால் வந்த மொழிகள் இந்த இரண்டு வினைகளுக்கும் வேலையை ஒரே மாதிரி பிரித்துக்கொடுக்கவில்லை. நீங்கள் சறுக்கிய இடம் அதுதான்.

ஸ்பானிஷ், போர்த்துகீசியம், கட்டலான் மூன்றிலும் 'பிடித்திருக்கிறேன்' என்பதே 'என்னிடம் உண்டு' ஆகிவிட்டது. நாமும் "கார் வெச்சிருக்கார்" என்றால் எங்கே வைத்தார் என்று யாரும் கேட்பதில்லையே! ஸ்பானிஷில் ஹபேரேயின் வாரிசான 'அபேர்' துணைவினையாகச் சுருங்கிவிட்டது. போர்த்துகீசியத்தில் அந்தத் துணைவினை வேலையிலும் பெரும்பகுதி தெனேரே வழிவந்த 'தேர்' கைக்கே போய்விட்டது.

பிரெஞ்சு அந்தப் பக்கம் போகவில்லை. பசி, வயது, உடன்பிறந்தோர் எல்லாவற்றுக்கும் ஹபேரே வழிவந்த 'அவ்வார்'தான்: "ஜே ஃபேன்". இத்தாலியனிலும் அப்படியே, "ஓ ஃபாமே". நேப்பிள்ஸ் பக்கம் பேச்சில் 'தெங்கோ' காதில் விழும். ஆனால் தேர்வில் எழுதிவிடாதீர்கள். ருமேனியன் நமக்கு நெருக்கம்: "மியே ஃபுவாமே". 'எனக்கு' என்ற நான்காம் வேற்றுமையோடு அப்படியே நம் வாக்கியம்.

த்னீர் பிரெஞ்சில் எதற்கு? பிடிக்க, வாக்கைக் காப்பாற்ற. "ஜ தியேன் ஆ த்வா" என்றால் உன்மேல் எனக்குப் பற்று. பிடிப்பதும் பற்று, பாசமும் பற்று என்று சொல்லும் தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வடிவங்களுக்குத் தனி மனப்பாடம் தேவையில்லை. 'வெனீர்' (வருதல்) தெரியுமல்லவா? வியேன்–தியேன், வெனு–தெனு என்று ஒரே அச்சு.

முன்னொட்டு சேர்ந்த வினைகளில் உங்கள் ஸ்பானிஷ் நன்றாகவே கைகொடுக்கும். 'ஒப்தெனேர்' பெறுதல் என்றால் 'ஒப்த்னீர்' என்பதும் பெறுதல்தான். அடங்கியிருத்தல், தாங்குதல் ஆகியவையும் இப்படியே ஒத்துப்போகும். ஒன்றில் உஷார்: ஸ்பானிஷ் 'என்த்ரெதெனேர்' பொழுதுபோக்குவது, பிரெஞ்சு 'ஆந்த்ரத்னீர்' வீட்டையும் வண்டியையும் பராமரிப்பது.